பொங்காத மாவும் ஒரு மூட்டை உளுந்தும்

அந்த டிசம்பரில் எனக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி டெல்லிக்கு வந்து மூன்று வருஷம். தொண்ணூறுகளின் பின்பாதி. ஆர்.கே.புரத்தில் என் கணவருக்கு ஒதுக்கியிருந்த அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அவர் ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் வீட்டில் இருந்தபடி தபால் வழியில் காஸ்ட் அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாடத்தில்தான் செலவு மாறுபாடு என்ற அத்தியாயத்துக்கு வந்து சேர்ந்திருந்தேன். அதைப் படித்து முடித்ததும் உலகம் முழுக்க எனக்குப் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

விஷயம் எளிமையானது. ஒரு பொருளைச் செய்ய இவ்வளவுதான் ஆக வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு நிர்ணயம் வைத்துக்கொள்ள வேண்டும். செய்து முடித்த பிறகு எவ்வளவு ஆனது என்று பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை உடைத்துப் பார்த்தால், விலையால் வந்தது எவ்வளவு, அளவு கூடிப்போனதால் வந்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கையில் வந்துவிடும். செலவு குறைந்திருந்தால் சாதகம், கூடியிருந்தால் பாதகம். அவ்வளவுதான். எனக்கோ கண்ணில் படுவதையெல்லாம் அப்படி உடைக்கத் தோன்றியது. துணி சோப்பு மாதத்துக்கு நாலு கட்டி என்று நிர்ணயம் வைத்தேன். ஐந்தாவது கட்டி பிரித்த அன்று கணவரை விசாரித்தேன்.

"நான் என்ன சோப்பைத் தின்னேனா?" என்றார்.

"விலை மாறுபாடு இல்ல. உபயோக மாறுபாடு. உங்க சட்டைக் காலர்ல இருக்கு காரணம்."

"அச்சா," என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். பின்னால் சிரிக்கிறார் என்று பேப்பர் ஆடுவதிலிருந்து தெரிந்தது.

இந்தப் பித்துக்குத் தீனி போட ஒரு தொழிலும் இருந்தது. எங்கள் மாடியில் திருநெல்வேலிக்காரக் குடும்பம். அந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரிலிருந்து லாரியில் வந்த கிரைண்டர் அவர் வீட்டில் இருந்தது. செப்டம்பரில் இரண்டு பேருமாகச் சேர்ந்து இட்லி மாவு விற்க ஆரம்பித்திருந்தோம். சாமான் வாங்குவது அக்கா. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பாதிப் பேரை அவருக்குத் தெரியும், எந்தக் கடையில் எது மலிவு என்பது அத்துப்படி. ஊறவைத்து அரைத்து டப்பாவில் நிரப்புவது நான். எங்கள் பிளாக்கின் தமிழ் வீடுகள்தான் முதலில் வாங்கின. பிறகு எதிர் பிளாக் பஞ்சாபி ஆண்ட்டிகளும் ஞாயிற்றுக்கிழமை தோசைக்காக டப்பா கேட்டு வந்தார்கள். வாரத்துக்கு நூற்றைம்பது அரை லிட்டர் டப்பா போயிற்று.

ஒரு ஈடு என்றால் இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ உருட்டு உளுந்து. பொங்கி வந்தால் பதினைந்து டப்பா. வாரத்துக்குப் பத்து ஈடு. அரிசி கிலோ பதினாலு, உளுந்து முப்பத்திரண்டு. ஆக வாரச் செலவு நானூற்று நாற்பது ரூபாய். இதுதான் என் நிர்ணயம். செப்டம்பரில் நாலு வாரம் அளந்து பார்த்து நானே எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் பெரிய தொழிற்சாலைக்கு முதலாளி மாதிரி ஒரு மிதப்பு.

டிசம்பர் முதல் வாரம் அக்கா பழைய டெல்லிக்குப் போய், காரி பாவ்லி மொத்த மார்க்கெட்டில் புதிதாக ஒரு கடையைப் பிடித்துவிட்டு வந்தார். பையில் பத்துக் கிலோ உளுந்து.

"கிலோ இருவத்தாறு ரூவாட்டி," என்றார் மூச்சிரைக்க. "முப்பத்திரண்டுக்கு வாங்கிட்டுக் கெடந்தோம். கடைக்காரன் சொல்லுதான், இது நல்லாருந்தா அம்பது கிலோ மூட்டையா எடுத்துக்கோ, அடுத்த வாரம் சனிக்கிழமை வரைக்கும் இதே வெலைக்கு வச்சுருக்கேன்னு. அதுக்கப்புறம் வெல ஏறிருமாம்."

ஐம்பது கிலோ என்றால் ஆயிரத்து முந்நூறு ரூபாய். எங்கள் இரண்டு பேர் கையிலும் தொழிலில் சேர்ந்திருந்த மொத்தப் பணமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒரு வாரம் அந்த உளுந்தை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றேன். என் அத்தியாயம் இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தது.

அந்த வாரம் மாவு சரியாகப் பொங்கவில்லை. ஒரு ஈட்டுக்குப் பதினைந்து டப்பா வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று என்று வந்தது. நூற்றைம்பது டப்பா நிரப்பப் பன்னிரண்டு ஈடு அரைக்க வேண்டியதாயிற்று. ஞாயிறு மதியம் நான் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன்.

ஆறு கிலோ உளுந்து, கிலோவுக்கு ஆறு ரூபாய் மிச்சம். விலை மாறுபாடு முப்பத்தாறு ரூபாய், சாதகம். அளவில் நாலு கிலோ அரிசியும் ஒரு கிலோ உளுந்தும் கூடுதல். உபயோக மாறுபாடு எண்பத்தெட்டு ரூபாய், பாதகம். நிகரமாக ஐம்பத்திரண்டு ரூபாய் நஷ்டம். மொத்தச் செலவைத் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு. நிர்ணயத்துக்கும் இதற்கும் சரியாக ஐம்பத்திரண்டு. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நஷ்டக் கணக்கைப் பார்த்துச் சந்தோஷத்தில் மேஜையைத் தட்டிய முதலாளி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பாடப் புத்தகத்தில் இதற்குப் பதிலும் இருந்தது. மட்டமான சரக்கை மலிவாக வாங்கினால் விலையில் சாதகமும் உபயோகத்தில் பாதகமும் வரும், அதற்கு வாங்கியவரே பொறுப்பு. நானும் அழகாகக் கோடு போட்டு, அக்காவுக்குப் படிக்க வசதியாகத் தமிழிலேயே எழுதினேன். கடைசிக் கட்டத்தில், 'பாதகம். பொறுப்பு: அக்கா' என்று எழுதி அடியில் சிவப்பு மையால் கோடும் இழுத்தேன். அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

அக்கா வாசித்தார். இரண்டாவது முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் என்னட்டி பாதகம் செஞ்சேன்?"

"அக்கா, அது வந்து... அந்தப் பாதகம் இல்ல. கணக்குல சொல்ற வார்த்தை."

"ரெண்டு பஸ் மாறி, அந்தக் கூட்டத்துல இடிபட்டு, பத்துக் கிலோவைத் தூக்கிட்டு வந்தேன். பாதகம்னு எழுதி, செவப்புக் கோடு வேற போட்டுக் கொண்டாந்து நீட்டுதே."

"சாதகம்னும் போட்டிருக்கேன் அக்கா. மேல பாருங்க, முப்பத்தாறு ரூபா."

"சாதகத்துக்கு என் பேரைப் போடலியே. பாதகத்துக்கு மட்டும் போட்டுருக்கே."

அது உண்மைதான். அக்கா காகிதத்தை நாலாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் பேசவில்லை. தொழில் நிற்கவில்லை. நான் ஊறிய அரிசியைக் கொண்டுபோனால் கதவு திறக்கும், கிரைண்டர் ஓடும், அக்கா சமையலறைப் பக்கம் வர மாட்டார். கணவரிடம் புலம்பினேன். அவர் கணக்கு நோட்டை வாங்கி, எதிலும் அவசரப்படாத குமாஸ்தாக் கண்ணால் மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"கூட்டல் சரியா இருக்கு," என்றார். "ஆனா ஃபைல்ல ஒருத்தர் பேரை எழுதறதுக்கு முன்னாடி அவங்க விளக்கத்தைக் கேட்கணும். எங்க ஆபீஸ்ல அதுக்கே ஆறு மாசம் ஆகும்."

ஆறு மாசம் ஆகவில்லை. புதன்கிழமை காலை அக்காவே கீழே இறங்கி வந்தார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் மஃப்ளர். உட்காரக்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. அந்தப் பதினஞ்சு டப்பாக் கணக்கை எப்ப எழுதுனே?"

"செப்டம்பர்ல அக்கா."

"செப்டம்பர்ல ஃபேன் ஓடிச்சு. இப்ப என் பல்லுல்லா ஆடுது. போன வருசம் டிசம்பர்ல என் வீட்டுக்குன்னு அரைச்ச மாவும் பொங்கலைதான். அப்ப முப்பத்திரண்டு ரூவா உளுந்துதான் போட்டேன். அப்ப பாதகம் செஞ்சது யாரு? டெல்லிக் குளுரா, நானா?"

நான் கையில் வைத்திருந்த டீ டம்ளரை மேஜையில் வைத்தேன். மூன்று வருஷமாக இந்தக் குளிரில்தான் இருக்கிறேன். குளிர் என்று ஒன்று இருப்பதே என் நோட்டில் இல்லை. மலிவு உளுந்தும் கடுங்குளிரும் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்திருந்தன. இரண்டில் எது மாவைக் கெடுத்தது என்று என் கணக்கு சொல்லவே இல்லை. எண்பத்தெட்டு ரூபாய் என்று மட்டும்தான் சொன்னது. மீதியை நானாகத்தான் சொல்லிக்கொண்டேன்.

"அக்கா, தப்பு என்னோடது. எழுதினதுக்கு மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும். சனிக்கிழம மூட்டை எடுக்கணுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

"பிரிச்சுப் பார்த்திடலாம்," என்றேன். அப்போதே எனக்கு மறுபடி தலைக்குள் கிறுகிறுவென்று ஏறிவிட்டது. "பழைய உளுந்து வீட்டில கொஞ்சம் இருக்கு. ரெண்டு உளுந்தையும் தனித்தனியா அரைக்கலாம். ரெண்டையும் சூட்டிலயும் வைக்கலாம், குளிர்லயும் வைக்கலாம். மொத்தம் நாலு சட்டி."

அக்கா மஃப்ளரை அவிழ்த்து நாற்காலியில் போட்டார். "சட்டி என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றார்.

மறுநாள் விடியற்காலையிலேயே அரைத்தோம். ஒரே அளவில் நாலு எவர்சில்வர் தூக்கு. நாலுக்கும் ஒரே அரிசி, ஒரே உப்பு, ஒரே தண்ணீர். எல்லாவற்றிலும் பாதி வரை மாவு. புது உளுந்துத் தூக்குகளின் காதில் சிவப்பு நூல், பழையதில் வெள்ளை நூல். கணவர் ஆபீஸுக்குக் கிளம்பியதும் ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் எங்கள் கட்டிலில் படுக்கவைத்த மாதிரி பக்கம் பக்கமாக வைத்து, நடுவில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பையை வைத்து, மேலே ரஜாய் என்கிற தடித்த பஞ்சுப் போர்வை இரண்டைப் போர்த்தினோம். மற்ற இரண்டும் சமையலறை ஜன்னலடியில், கல் மேடையில்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் வெந்நீரை மாற்றினேன். மூடியைத் திறக்கக்கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், ரஜாயின் மேல் காதை வைத்துக் கேட்டேன். என்ன கேட்கும் என்று நினைத்தேனோ தெரியாது. நாலு மணிக்கு அக்கா வந்து அவரும் காதை வைத்துக் கேட்டார். இரண்டு பேரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்ததும் சிரிப்பு பீறிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான்.

ஆறேகாலுக்குக் கணவர் வந்தார். பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இல்லை போலிருக்கிறது, மூக்கு சிவந்து உதடு நீலம் பாரித்திருந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் போனார்.

"வேண்டாம், அங்க ஆள் இருக்கு," என்றேன்.

"யாரு?"

"மாவு."

அவர் ரஜாயின் மேடுகளைப் பார்த்தார். சுவரோரம் நாற்காலியில் காவலுக்கு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு மணி தம்பி," என்றார் அக்கா. "ஹீட்டர் பக்கம் உக்காருங்க, காப்பி போட்டுத் தாரேன்."

ஏழு அடித்ததும் முதலில் ஜன்னலடியில் இருந்த இரண்டையும் திறந்தோம். காலையில் ஊற்றிய கோட்டிலேயே இரண்டும் கிடந்தன. வெள்ளை நூல் தூக்கில் ஓரமாக நாலு குமிழி, சிவப்பில் அதுவும் இல்லை. பிறகு ரஜாயை விலக்கினோம். வெள்ளை நூல் தூக்கைத் திறந்தால் மாவு விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே பஞ்சு மாதிரி நின்றது. சிவப்பு நூல் தூக்கின் மூடி திறக்க வரவில்லை. அக்கா கிடுக்கிப் பிடியாகப் பிடித்துத் திருகினார். மூடி பக்கென்று கழன்றது. மாவு மூடியின் உள்பக்கம் வரை ஏறி ஒட்டிக்கொண்டிருந்தது.

மலிவு உளுந்துதான் கூடப் பொங்கியிருந்தது.

நான் அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். அவர் கையில் மூடி, அதிலிருந்த மாவு என் தலைமுடியில். "விடுட்டி, விடுட்டி," என்று சொல்லிக்கொண்டே அவரும் குதித்தார். கணவர் இந்த அமளியைக் கண்டுகொள்ளாமல், தூக்குகள் இருந்த குழியில் போய்ப் படுத்து ரஜாயை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார்.

"நல்லா சூடா இருக்கு," என்றார் கண்ணை மூடியபடி. "தினம் வைங்க."

நோட்டை மறுபடி எடுத்தேன். எண்கள் ஒன்றும் மாறவில்லை. பொறுப்புக் கட்டத்தை மட்டும் மாற்றினேன். முப்பத்தாறு ரூபாய் சாதகம், அக்கா. எண்பத்தெட்டு ரூபாய் பாதகம், குளிர். அந்தக் குளிரைப் பார்த்துக்கொள்ள வேண்டியது மாவைப் பொங்கவைக்கும் நான். மூட்டையை எடுத்தால் ஐம்பது கிலோவுக்கு முந்நூறு ரூபாய் மிச்சம். குளிர்காலத்தில் வண்டு விழாது. பத்து வாரத்தில் தீர்ந்துவிடும். அதோடு மாவுக்கு ஒரு சூடான இடமும் வேண்டும். எங்கள் கட்டிலில் பாதி ஈடுகூடக் கொள்ளாது. மாற்றலில் சாமான் வந்த மரப்பெட்டி ஒன்று பால்கனியில் கிடந்தது. அதற்குள் அறுபது வாட் பல்பு ஒன்று எரியவிட்டால் வாரத்துக்குக் கரண்டு பத்து ரூபாய்க்குள் அடங்கும் என்று கணவர் மீட்டரைப் பார்த்துச் சொன்னார். எண்பத்தெட்டை நிறுத்தப் பத்து. இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் காரி பாவ்லியில் இருந்தோம். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடக்கும்போதே தும்மல் தொடங்கிவிட்டது. அக்கா ஏழெட்டு போட்டார், நான் எண்ணவில்லை. கடைக்காரர் பெரியவர், மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவை அடையாளம் கண்டுகொண்டு மூட்டையைக் காட்டினார். விலை மட்டும் கிலோ இருபத்தேழு என்றார்.

நான் மனசுக்குள் உடனே உடைத்துப் பார்த்து அக்கா காதில் சொன்னேன். "இருபத்தேழுன்னாலும் இருநூத்தம்பது ரூபா சாதகம்தான். எடுத்துடலாம்."

"நீ சும்மா இரி," என்றார் அக்கா. கடைக்காரர் பக்கம் திரும்பி, தன் திருநெல்வேலி ஹிந்தியில், "பையா, சத்தாயிஸ் நஹி. சப்பீஸ் போலா தா," என்றார். இருபத்தாறு என்றுதானே சொன்னாய் என்று கேட்கிறார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தும்மல். கடைக்காரர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார், அவருக்கும் தும்மல் வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நேராக அந்த உளுந்து மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"சப்பீஸ்," என்றார் மறுபடி.

கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் தும்மலும் ஒரே நேரத்தில் வந்து கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அசையவில்லை. கடைசியில் கடைக்காரர் எங்களுக்கு இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்து, இருபத்தாறுக்கே பில் போட்டார். டீ குடித்து முடிக்கும்வரை அக்கா மூட்டையை விட்டு இறங்கவில்லை.

ஆட்டோவில் மூட்டைக்குத்தான் நல்ல இடம். நாங்கள் இரண்டு ஓரமாக ஒட்டிக்கொண்டு, காலைத் தூக்கி மூட்டையின் மேல் வைத்துக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் பனி, எதிரில் வரும் பஸ்கூடத் தெரியவில்லை. அக்கா திடீரென்று, "ஏட்டி, அந்த முப்பத்தாறு ரூவாக் கட்டத்துல என் பேரைப் பேனாவாலதான எழுதுன? பென்சில் இல்லல்லா?" என்று கேட்டார். பேனாதான் என்றேன்.

மரப்பெட்டி ஞாயிறன்று தயாரானது. கணவர் அதைச் சமையலறைக்குள் கொண்டுவந்து, ஓட்டை போட்டு ஒயர் இழுத்து பல்பை மாட்டினார். நாங்கள் இரண்டு பெரிய அடுக்கில் முக்கால்வாசி மாவை ஊற்றி உள்ளே வைத்து மூடினோம். திங்கட்கிழமை காலை நான் சமையலறைக்குப் போனபோது கால் வழுக்கியது. பெட்டியின் இடுக்குகளிலிருந்து மாவு வழிந்து, தரையில் ஓடி, காஸ் சிலிண்டரைச் சுற்றிக்கொண்டு நின்றது. கத்தினேன். அக்கா தலையில் துண்டோடு ஓடி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கையால் வழித்துப் போட்டோம். நாலு டப்பா மாவு போயிற்று. எதிர் பிளாக் ஆண்ட்டி மாவு வாங்க வந்தவள் எங்களைப் பார்த்து, "க்யா ஹுவா?" என்று பதறினாள். என்ன ஆயிற்று என்று சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை, அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து அடுக்கில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. அந்த வாரம் பத்தரை ஈட்டில் நூற்றைம்பது டப்பா நிரம்பியது, தரையில் போனது போக. குளிர்காலத்துக்கென்று தனியாக ஒரு நிர்ணயம் எழுதி, செப்டம்பர் காகிதத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினேன். பிறகு வந்த பரீட்சையில் மாறுபாட்டுக் கேள்வி வந்தது. எண்களைப் போட்டு முடித்துவிட்டு, இதற்குக் காரணம் இன்னது என்று எழுதாமல், காரணம் இரண்டாக இருக்கலாம், பிரித்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதினேன். அதற்கு எத்தனை மதிப்பெண் கிடைத்தது என்று தெரியாது. பாஸாகிவிட்டேன்.

மூட்டை பிப்ரவரி முடிவில் தீர்ந்தது. மிச்சமான பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் அந்தச் சனிக்கிழமை சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போனோம். அக்கா தன் அண்ணன் மகனுக்கு ஸ்வெட்டர் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினார். போன இடத்தில் கோல்கப்பா, அதாவது பானிபூரி வண்டியைப் பார்த்துவிட்டோம். யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி வந்துவிட்டது. நான் பதினாலில் மூச்சுமுட்டி நிறுத்தினேன். அக்கா இருபத்தொன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, வண்டிக்காரரிடம் இன்னும் கொஞ்சம் காரத் தண்ணீர் ஊற்றச் சொல்லிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.